டி.என்.ஏ. நல்ல சாட்சி, வாசல் காவலுக்கு ஆகாது

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், தடய அறிவியல் ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – செய்தி மடல் குழு)



இந்தத் தலைப்பு ஏன் என்பது பலருக்குத் தெரியும். சென்ற காலாண்டில் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. போலீஸ் விசாரணை நடக்கிறது. அதைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நம் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், செக்யூரிட்டி, கார் துடைப்பவர்கள் எல்லோரிடமும் எச்சில் மாதிரி எடுத்து, ஒரு தனியார் லேபில் டி.என்.ஏ. பதிவு செய்து வைத்துவிடலாம் என்பது. இன்னொன்று, கைரேகைக் கருவிக்குப் பதிலாக கேட்டிலேயே டி.என்.ஏ. பார்க்கும் கருவி வருகிறதாமே, அதற்கு விலை விசாரிக்கலாமா என்பது. இரண்டுக்கும் நிறைய கட்டைவிரல் விழுந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. ஒரு நல்ல சாட்சி. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி, சரியான ஆள் சரியான முறையில் கேட்டால், அதைப் போல பதில் சொல்ல வேறு சாட்சி இல்லை. ஆனால் வாசலில் நிறுத்தி வைக்கிற காவலாளி வேலைக்கு அது ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் திருடன் தப்புவான், நிரபராதி மாட்டுவார். ஏன் என்று சொல்கிறேன்.

எச்சிலில் என்ன இருக்கிறது?

நம் உடலில் ஏறக்குறைய எல்லா செல்களிலும் டி.என்.ஏ. இருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட வாசகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 99 சதவீதத்துக்கும் மேல் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்கள் கொஞ்சம்தான். அவற்றில் சில இடங்களில் ஒரே சிறிய சொல் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 7 முறை, இன்னொருவருக்கு 9 முறை, வேறொருவருக்கு 12 முறை. ஒவ்வொரு இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள். ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. தடய அறிவியல் ஆய்வகம் படிப்பது இந்த எண்களைத்தான். அமெரிக்காவின் தேசிய டி.என்.ஏ. பதிவகத்தில் முதலில் 13 இடங்களைப் பார்த்தார்கள். 2017 முதல் 20 இடங்கள்.

ஒரு எண் மட்டும் தெரிந்தால் பயனில்லை. "மூன்றாவது மாடி" என்று மட்டும் எழுதிய கொரியரை செக்யூரிட்டி யாரிடம் கொடுப்பார்? மூன்றாவது மாடி எல்லா பிளாக்கிலும் இருக்கிறது. பிளாக், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு என்று சேரச் சேர, கடைசியில் ஒரே ஒரு வீடுதான் மிஞ்சும். அதே மாதிரி, ஓர் இடத்தில் பத்தில் ஒருவருக்கு உங்களுடைய எண்கள் இருக்கலாம். இரண்டு இடங்கள் சேர்ந்தால் நூறில் ஒருவர், மூன்று சேர்ந்தால் ஆயிரத்தில் ஒருவர். 20 இடங்களும் ஒத்துப்போனால், அது வேறு ஆளாக இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் மட்டும் விதிவிலக்கு. அவர்களின் கைரேகை வேறு வேறாக இருக்கும். இந்த எண்கள் ஒன்றாகவே இருக்கும்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். இந்த எண்களின் பட்டியல் வேறு, எச்சில் மாதிரி வேறு. பட்டியலைப் பார்த்து உங்களுக்குச் சர்க்கரை நோய் வருமா என்று சொல்ல முடியாது. ஆனால் எச்சிலில் 300 கோடி எழுத்துகளும் இருக்கின்றன. நோய்க்கான சாய்வு, பரம்பரை, யார் யாருக்குப் பிறந்தவர் என்பது வரை எல்லாம் அதில் உண்டு. மாதிரி யார் கையில் இருக்கிறதோ, அவர் நாளை வேறு எதையும் படித்துப் பார்க்கலாம்.

முதல் வழக்கு சொன்ன பாடம்

1984 செப்டம்பர் 10 அன்று, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற ஆய்வாளர் ஓர் எக்ஸ்ரே படத்தில் ஆளுக்கு ஆள் மாறுகிற கோடுகளைப் பார்த்தார். டி.என்.ஏ. கைரேகை பிறந்த நாள் அது. இரண்டே ஆண்டில் அது கொலை வழக்குக்குப் போய்விட்டது. லெஸ்டருக்கு அருகே 1983-இலும் 1986-இலும் இரண்டு பள்ளி மாணவிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்தது. ஒரு கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். ஜெஃப்ரீஸ் பரிசோதித்தார். இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் இந்தப் பையன் இல்லை என்று வந்தது. உலகில் கொலை வழக்கில் டி.என்.ஏ. செய்த முதல் வேலை, ஒப்புக்கொண்ட ஒருவனைக் காப்பாற்றியதுதான்.

அடுத்து போலீஸ் என்ன செய்தது? சுற்றுவட்டார ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் மாதிரி வாங்கியது. கொலைகாரன் சிக்கவில்லை. தன்னோடு வேலை செய்தவரைத் தன் பெயரில் மாதிரி கொடுக்க வைத்துவிட்டான். அந்த நண்பர் ஒரு மது விடுதியில் வாய்தவறிச் சொன்னதை யாரோ கேட்டுப் போலீசிடம் சொன்ன பிறகுதான், 1987-இல் பிடிபட்டான். எல்லோரிடமும் மாதிரி எடுத்துவிட்டால் திருடன் தானாக வெளியே வருவான் என்று நினைப்பவர்களுக்கு, அந்த முதல் வழக்கிலேயே பதில் இருக்கிறது. ஒழுங்காக வந்து மாதிரி கொடுத்தவர்கள் எல்லாம் நிரபராதிகள்.

நம் நாட்டில் ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங் இந்த முறையை 1988-இல் நிலைநாட்டினார். அடுத்த ஆண்டே கேரளத்தின் தலச்சேரியில், குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் அது நீதிமன்றம் ஏறியது. இன்று சென்னையில் உள்ள நம் மாநிலத் தடய அறிவியல் துறையிலும் டி.என்.ஏ. பிரிவு இயங்குகிறது.

அதற்கு ஈடில்லாத இடம்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத் விமான விபத்து. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர். பல உடல்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலை. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் வந்து ரத்தம் கொடுத்தார்கள். குஜராத்தின் முன்னாள் முதல்வர் விஜய் ரூபானியின் உடலும் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. சுமார் இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் பெயர் கிடைத்தது. யாருக்காக அழுகிறோம், யாருக்குக் கொள்ளி வைக்கிறோம் என்ற நிச்சயம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

2004 சுனாமியில் இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்கு ஒரு கைக்குழந்தை வந்து சேர்ந்தது. 81-ஆவது நோயாளியாகப் பதிவானதால் உலகம் முழுக்கப் பத்திரிகைகள் "குழந்தை 81" என்றே எழுதின. எங்கள் பிள்ளைதான் என்று ஒரு தமிழ்த் தம்பதியர் சொன்னார்கள். ஆனால் கையில் எந்தச் சான்றும் இல்லை; வீட்டையே கடல் கொண்டுபோயிருந்தது. 2005 பிப்ரவரியில் டி.என்.ஏ. முடிவு வந்து, பிள்ளை அவர்கள் கைக்குப் போனது.

இந்த இடங்களிலெல்லாம் பாருங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: "இவர் யார்?" மாதிரி கொடுத்தவர்கள் தாங்களாக விரும்பிக் கொடுத்தார்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்றும் அவர்களுக்குத் தெரியும்.

சாட்சி தடுமாறும் இடங்கள்

ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் 2007-இல் ஒரு பெண் போலீஸ் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டி.என்.ஏ., முகம் தெரியாத ஒரு பெண்ணுடையது. அதே பெண்ணின் டி.என்.ஏ. 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சில் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்திருந்தது. கொலை, கார் திருட்டு, வீட்டுக் கொள்ளை என எல்லாவற்றிலும் அவள். தலைக்கு 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். 2009-இல்தான் உண்மை தெரிந்தது. அப்படி ஒரு குற்றவாளியே இல்லை. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் பொதியும்போது, அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிருமி நீக்கிய குச்சிதான். ஆனால் கிருமி நீக்கினால் டி.என்.ஏ. போய்விடாது. ஒரு நாட்டின் போலீசே இரண்டு ஆண்டு ஒரு பஞ்சுக் குச்சியைத் துரத்தியது.

2012-இல் கலிபோர்னியாவில் ஒரு செல்வந்தர் தன் வீட்டில் கொல்லப்பட்டார். அவருடைய நகக்கண்ணில் கிடைத்த டி.என்.ஏ., வீடு வாசல் இல்லாத ஒருவருடையது. கைது செய்துவிட்டார்கள். மரண தண்டனைகூட கிடைத்திருக்கலாம். ஏறக்குறைய ஐந்து மாதம் சிறையில் இருந்தார். பிறகுதான் அவருடைய வக்கீல் பழைய மருத்துவமனைப் பதிவுகளைத் தோண்டினார். கொலை நடந்த இரவில் அந்த மனிதர் குடித்து மயங்கி மருத்துவமனையில் படுத்திருக்கிறார். எப்படி அவருடைய டி.என்.ஏ. கொலையானவரின் நகத்துக்குப் போனது? முதலில் இவரைத் தூக்கிப்போன அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான், சில மணி நேரம் கழித்து அந்த வீட்டுக்கும் போனார்கள். ஆய்வகம் பிழை செய்யவில்லை. டி.என்.ஏ. அங்கே உண்மையாகவே இருந்தது. ஆனால் அவர் அங்கே இருந்ததில்லை.

நம் ஊர் வழக்கும் ஒன்று சொல்கிறேன். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011-இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டார்கள். அதில் தூக்குத் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரி எடுத்ததிலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும் வரை யார் யார் கையில் இருந்தது, ஏன் தாமதம் என்பதற்குச் சரியான பதிவு இல்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. இனிமேல் மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது.

போலீஸ், அரசு மருத்துவர், அரசு ஆய்வகம் எல்லாம் இருந்தும் இந்த நிலை. நாம் கேட் ரூமில் ஒரு டப்பா பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

கேட்டில் ஏன் ஆகாது

இரண்டாவது யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். கேட்டில் டி.என்.ஏ. கருவி வேண்டாம் என்பதற்கு நான்கு காரணங்கள்.

முதலாவது, நேரம். இன்றைக்கு மிக வேகமான கருவிக்கே ஒரு மாதிரிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்குப் பால்காரர், பேப்பர்காரர், பள்ளி வேன் எல்லாம் ஒன்றாக நிற்கும் நம் கேட்டை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, டி.என்.ஏ. ரகசியம் இல்லை. காபி குடித்த டம்ளர், தலை சீவிய சீப்பு, கழற்றிப் போட்ட மாஸ்க் எல்லாவற்றிலும் அதை விட்டுவிட்டுப் போகிறோம். உங்கள் ஏ.டி.எம். பின் எண்ணை, குடிக்கிற ஒவ்வொரு டம்ளரிலும் எழுதி வைத்துவிட்டு வருவீர்களா?

மூன்றாவது, மாற்ற முடியாது. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றலாம். கார்டு தொலைந்தால் பிளாக் செய்யலாம். டி.என்.ஏ. தகவல் ஒருமுறை வெளியே போனால் ஆயுளுக்கும் போனதுதான்.

நான்காவது, அது உங்களுடையது மட்டும் இல்லை. பாதி உங்கள் பிள்ளையிடம் இருக்கிறது. பாதி அம்மாவிடம் இருக்கிறது. நீங்கள் ஒருவர் கையெழுத்துப் போட்டால், கேட்கப்படாமலே பத்துப் பேர் அதில் சேர்ந்துவிடுகிறார்கள்.

கைரேகையிலும் குறை இல்லாமல் இல்லை. பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து ரேகை தேய்ந்துபோனவர்கள் ரேஷன் கடையில் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் வாசல் காவலுக்கு நமக்குத் தேவை பெயர், முகம், போன் எண், ஒரு பதிவேடு, விழித்திருக்கிற ஒரு மனிதர். அவ்வளவுதான்.

வேலைக்கு வருகிறவர்களின் எச்சில்

இப்போது முதல் யோசனை. இதில் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம், பரவாயில்லை.

ஒரு வீட்டில் பீரோவிலிருந்து நகை போகிறது. பீரோ கைப்பிடியில் டி.என்.ஏ. எடுக்கிறார்கள். நாம் பதிவு செய்து வைத்த பட்டியலோடு ஒப்பிட்டால் யாருடையது வரும்? தினமும் அந்தப் பீரோவைத் துடைக்கிற அக்காவுடையது வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம். அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதற்கு அது சான்று. திருடினார் என்பதற்கு இல்லை. அவரோடு வீட்டுக்காரர், அவர் மனைவி, பிள்ளைகள், போன வாரம் வந்து தங்கிய மச்சினர் எல்லோருடையதும் இருக்கும். அவர்கள் யாரும் நம் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பது அந்த அக்கா ஒருவர்தான். ஆக, அந்தப் பட்டியல் எந்தத் திருட்டு நடந்தாலும் அதே ஆறேழு பேரைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வந்த திருடன் அதில் இருக்கவே மாட்டான்.

அடுத்து, சட்டம். குற்ற வழக்கில் அடையாளம் காண்பதற்கான 2022-ஆம் ஆண்டுச் சட்டம், 1920-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. உயிரியல் மாதிரி எடுக்க அது போலீசுக்கு அதிகாரம் தருகிறது. பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கவும் அனுமதிக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழேகூட, கைதானவர்களில் பலர் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம், அல்லது 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால்தான் கட்டாயம். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் அது வேறு. கைதானவருக்கே இந்த உரிமை இருக்கும்போது, எந்தக் குற்றமும் சாட்டப்படாமல் பாத்திரம் தேய்க்க வருகிறவரிடம் வாயைத் திற என்று சொல்ல, மெயின்டனன்ஸ் வசூலிக்கிற ஒரு சங்கத்துக்கு என்ன அதிகாரம்?

டி.என்.ஏ. பயன்பாட்டுக்கென்றே 2019-இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம், தகவல் வங்கிக்கு விதிகள் எல்லாம் அதில் இருந்தன. 2023-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எனவே தனியார் லேபில் நாம் கொடுத்து வைக்கும் மாதிரியைக் கண்காணிக்க அப்படி ஒரு தனிச் சட்டம் இன்று இல்லை. இருப்பது 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும். ஒருவர் முழு மனதோடு, எதற்கு என்று தெரிந்து, மறுக்கும் வாய்ப்போடு தருவதுதான் சம்மதம் என்கிறது அந்தச் சட்டம். "கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து வராதே" என்பது சம்மதம் ஆகாது.

சட்டத்தை விடுங்கள். நம் வீட்டுச் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகிறோம். வயதான அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கச் சொல்லிவிட்டுப் போகிறோம். அவர்களிடம் போய் எச்சில் கேட்கிற யோசனை வந்தபோது, "முதலில் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கொடுப்போம்" என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

நாமாகவே கொடுக்கும் எச்சில்

அடுத்தவருக்குச் சொல்லிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆன்லைனில் கிட் வாங்கி, எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால், உங்கள் முன்னோர் யார், எந்த உணவு ஒத்துக்கொள்ளும் என்றெல்லாம் அறிக்கை வருகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குப் பரிசாக அனுப்புவதும் நடக்கிறது.

அமெரிக்காவின் டுவென்டிதிரீ அண்ட் மீ நிறுவனத்தில் 1.5 கோடிப் பேர் அப்படிக் கொடுத்திருந்தார்கள். 2023-இல் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். வேறு தளங்களிலிருந்து வெளியான பழைய பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்தவர்களின் கணக்குகள் அவை. ஆனால் உறவினர்களைத் தேடித் தரும் வசதி அதில் இருந்ததால், அந்த வழியாக சுமார் 69 லட்சம் பேரின் தகவல் போனது. இன்ன இனத்தவர் என்று பிரித்து விற்பனைக்கும் வைத்தார்கள். 2025 மார்ச்சில் நிறுவனமே திவால் மனு போட்டது. கொடுத்த எச்சில் யார் கைக்குப் போகும் என்று கோடிக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அதன் நிறுவனர்களில் ஒருவர் நடத்தும் அமைப்பே வாங்கியது. வேறு யாராவது வாங்கியிருக்கவும் கூடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கலிபோர்னியாவில் 1970-களிலும் 80-களிலும் 13 கொலைகள் செய்தவனை 2018-இல் பிடித்தார்கள். அவன் எந்தத் தளத்திலும் எச்சில் கொடுத்ததில்லை. அவனுக்கு முகம்கூடத் தெரியாத தூரத்து உறவினர்கள் ஒரு வம்சாவளித் தளத்தில் பதிவு செய்திருந்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். ஆனால் நான்காம் தலைமுறை உறவு வரைக்கும் உங்கள் எச்சில் கதவைத் திறக்கும் என்பதையும் அது காட்டுகிறது.

நான் முன்வைக்கும் தீர்மானம்

1. வேலைக்கு வருகிறவர், குடியிருப்பவர், விருந்தினர் என யாரிடமும் எந்த உடல் மாதிரியையும் சங்கம் கேட்காது.

2. வீட்டு வேலைக்குச் சேர்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோம்.

3. கேட் செயலியிலும் பதிவேட்டிலும் யாருடைய என்னென்ன தகவல் இருக்கிறது என்று செயலாளர் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் கைரேகை, புகைப்படம், ஆதார் நகல் நீக்கப்பட வேண்டும். ஆதார் நகல் தேவைப்பட்டால் எண் மறைத்த நகல் போதும்.

4. திருட்டு நடந்தால் செய்ய வேண்டியது: எதையும் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். 100 அல்லது 112-க்கு அழையுங்கள். அறையைப் பூட்டிவிட்டு வெளியே நில்லுங்கள். சென்ற முறை போலீஸ் வருவதற்குள் அந்த அறைக்குள் எத்தனை பேர் போய் வந்தோம் என்று நமக்கே தெரியும். டி.என்.ஏ.யை நம்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய மரியாதை இதுதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி – பதில்

*சார், நாய் வளர்ப்பவர்கள் சிலர் நடைபாதையை அசுத்தம் செய்துவிட்டு யார் நாய் என்றே ஒப்புக்கொள்வதில்லை. நாய்களுக்காவது டி.என்.ஏ. வைக்கலாமா?*

(சிரிப்பு) அமெரிக்காவில் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதைத்தான் செய்கிறார்கள். இத்தாலியின் போல்சானோ மாகாணம் நாய்களின் டி.என்.ஏ. பதிவைக் கட்டாயமாக்கியது. நாய்க்கு அந்தரங்க உரிமைப் பிரச்சினை இல்லை என்பது உண்மை. ஆனால் செலவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் நான்கு இடத்தில் குப்பைத்தொட்டியும் காகிதப் பையும் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தெருநாய்கள் எப்படியும் பதிவுக்கு வரப்போவதில்லை.

*போலீஸ் வர நேரமாகி, மழை பெய்தால், கிடந்த சிகரெட் துண்டு மாதிரி பொருளை நாமே எடுத்து வைக்கலாமா?*

முடிந்தவரை எடுக்காதீர்கள். ஒரு பக்கெட்டையோ பாத்திரத்தையோ கவிழ்த்து மூடி வையுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லை என்றால் கையுறையோடு எடுத்து, காகிதக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஈரம் தங்கி டி.என்.ஏ. கெட்டுவிடும். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு என்று கவர் மேலேயே எழுதிப் போலீசிடம் கொடுங்கள்.

*என் மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு டி.என்.ஏ. கிட் அனுப்பியிருக்கிறாள். என்ன செய்வது?*

நோய்க் காரணமாக டாக்டர் சொல்லிச் செய்யும் மரபணுச் சோதனை வேறு. அதைத் தயங்காமல் செய்யுங்கள். இது ஆசைக்குச் செய்வது என்றால், உங்கள் அண்ணன் தம்பி, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஏனென்றால் அவர்களுடையதும் சேர்ந்து போகிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், கணக்கின் அமைப்புகளுக்குப் போய் உறவினர் தேடலை நிறுத்தலாம். தகவலையும் எச்சில் மாதிரியையும் அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். பாஸ்வேர்டு அதற்கு மட்டும் தனியாக இருக்கட்டும்.

*எங்கள் வீட்டில் வேலை செய்பவரே, "எனக்குப் பயமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அப்போதுமா கூடாது?*

கூடாது என்பதே என் கருத்து, மேடம். அவர் தன் நேர்மையைக் காட்ட அப்படிச் சொல்கிறார். வேலை போய்விடுமோ என்ற பயமும் அதில் இருக்கலாம். எடுத்து வைத்தாலும் நான் சொன்ன பீரோ கைப்பிடிக் கதைதான் நடக்கும். அவரைக் காப்பாற்ற அது உதவாது. அவருடைய வார்த்தையை நம்புங்கள். அதற்கு லேப் தேவையில்லை.

(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில் முதல், மூன்றாம், நான்காம் தீர்மானங்கள் ஏற்கப்பட்டன. காவல்துறைச் சரிபார்ப்பை எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்குவதா, விருப்பத்துக்கு விடுவதா என்பது அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கருத்துச் சொல்ல விரும்புவோர் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். – செய்தி மடல் குழு)